எங்கள் பிள்ளைகளை அந்த ரேட்டிங் அளக்கவில்லை

போன வாரம் நம் நியூ ஜெர்சி தமிழ்க் குழுவில் நடந்ததைப் பார்த்திருப்பீர்கள். ஆட்டிசம் உள்ள நான்கு வயதுப் பிள்ளையோடு வேறு மாநிலத்திலிருந்து வரும் ஒரு தாய், எந்த ஸ்கூல் டிஸ்ட்ரிக்டில், அதாவது எந்த ஊர்ப் பள்ளி நிர்வாகத்தின் எல்லைக்குள், வீடு பார்க்கலாம் என்று கேட்டார். "ஒன்பது, பத்து ரேட்டிங் இருக்கற ஊரா பாருங்க, மத்ததெல்லாம் தானா நடக்கும்" என்று வரிசையாகப் பதில்கள். அதன் கீழே ஒருவர், "இப்படி வர்றவங்களாலதான் நம்ம ப்ராப்பர்ட்டி டாக்ஸ் ஏறுது" என்று எழுதினார். இங்கே வீட்டுக்குக் கட்டும் அந்த வரியிலிருந்துதான் பள்ளிக்கும் பணம் போகிறது. அதற்கு ஏகப்பட்ட லைக்.

முதலில் ரேட்டிங், அதாவது இணையதளங்கள் பள்ளிகளுக்குப் பத்துக்கு இவ்வளவு என்று போடும் எண். அந்த எண் பெரும்பாலும் தேர்வு மதிப்பெண்களிலிருந்து வருகிறது. பேச்சு வராத பிள்ளைக்கு வாரத்தில் எவ்வளவு நேரம் ஸ்பீச் தெரபி, வகுப்பில் எத்தனை உதவியாளர்கள், ஆட்டிச வகுப்பு அந்த ஊரிலேயே இருக்கிறதா, இல்லை வேனில் ஏற்றி வெளியூருக்கு அனுப்பிவிடுவார்களா? இதில் ஒன்றைக்கூட அந்த எண் சொல்லாது. அது உங்கள் பிள்ளையின் கணிதத்தை அளக்கிறது. எங்கள் பிள்ளைகளை அளக்கவில்லை.

நாங்கள் முன்பு இருந்த ஊரின் ரேட்டிங்கைக் கேட்டால் பெருமூச்சு விடுவீர்கள். அங்கே என் மகனுக்காக நடந்த சைல்ட் ஸ்டடி டீம் (பிள்ளைக்கு என்ன உதவி தேவை என்று பார்க்கும் பள்ளிக் குழு) கூட்டத்தில் சிரித்த முகத்தோடு சொன்னார்கள்: "இவனுக்கு ஏற்ற வகுப்பு எங்களிடம் இல்லை, வெளியே அனுப்புகிறோம்." அவன் அக்கா படித்த பள்ளி நடந்து போகும் தூரம். இவனுக்கு மட்டும் விடிவதற்கு முன்னால் வேன் வரும். இப்போது இருக்கும் ஊரின் ரேட்டிங் ஆறு. அவன் வகுப்பு மற்ற வகுப்புகளுக்கு நடுவிலேயே இருக்கிறது, மதியச் சாப்பாடும் இசை வகுப்பும் எல்லோரோடும்தான். படத்தைத் தொட்டால் பேசும் டேப்லெட் ஒன்றைப் பள்ளியே கொடுத்தது. அவன் வீட்டில் என்ன சாப்பிடுவான் என்று ஆசிரியை எங்களிடம் கேட்டு, தோசைக்கு ஒரு படம் சேர்த்தார். அன்று இரவு அவன் தோசை கேட்டான். என் மனைவி அடுப்படியிலேயே நின்று அழுதாள். இதை எந்த ரேட்டிங்கில் போடுவீர்கள்?

"சட்டம் எல்லா ஊருக்கும் ஒன்றுதானே" என்று கேட்பீர்கள். ஒன்றுதான். 1975-இல் நாடு முழுவதற்கும் வந்த சிறப்புக் கல்விச் சட்டம். இன்று மூன்று வயதிலிருந்து இருபத்தொன்று வரை இலவசமாக, பிள்ளைக்குப் பொருத்தமான கல்வி தர வேண்டும் என்கிறது. ஆனால் டெக்சாஸில் என்ன நடந்தது? சிறப்புக் கல்வி பெறும் மாணவர்கள் 8.5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பதுபோல 2004-இலிருந்து மாநிலமே ஓர் இலக்கு வைத்திருந்தது. 2016-இல் ஹூஸ்டன் கிரானிக்கிள் நாளிதழ் அதை வெளியே கொண்டுவந்த பிறகுதான் கைவிட்டார்கள். ஏதோ பெயருக்குக் கொஞ்சம் முன்னேற்றம் இருந்தால் போதும் என்பதை ஏற்க முடியாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது 2017-இல். அதுவும் கொலராடோவில் ஒரு குடும்பம் விடாமல் வழக்கு நடத்தியதால். நியூ ஜெர்சியில் தகராறு என்று போனால் தான் செய்தது சரி என்று டிஸ்ட்ரிக்ட்தான் நிரூபிக்க வேண்டும். நல்ல விஷயம்தான். ஆனால் வக்கீலைப் பார்த்து, தேதி வாங்கி, காத்திருக்கும் மாதங்களில் பிள்ளைக்கு வயது ஏறிக்கொண்டே இருக்கிறது. அதனால்தான் ஊரைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறோம். எல்லோராலும் வீடு மாற முடியுமா என்றால், முடியாது. மாற முடிந்தவர்களைத் திட்டினால் மற்றவர்களுக்கு வகுப்பு கிடைத்துவிடுமா?

சரி, வரிக்கு வருகிறேன். நானும் அதே வரியைத்தான் கட்டுகிறேன் சார். உங்கள் பிள்ளையின் ஏபி வகுப்புக்கும் (பள்ளியிலேயே நடக்கும் கல்லூரித் தரப் பாடம்) இசைக்குழுவின் சீருடைக்கும் என் பணமும் போகிறது. ஒருநாளும் நான் கணக்குக் கேட்டதில்லை. சிறப்புக் கல்வியின் கூடுதல் செலவில் 40 சதவீதம் வரை தருவதாக 1975-இல் வாஷிங்டன், அதாவது மத்திய அரசு, வாக்குக் கொடுத்தது. இன்றுவரை ஒரு வருடம்கூட அதை முழுதாகத் தந்ததில்லை. கோபம் இருந்தால் அங்கே கேளுங்கள். நான்கு வயதுப் பிள்ளையின் அம்மாவிடமா கேட்பது?

லைக் போட்டவர்களின் பெயர்களைப் படித்தேன். எங்கள் வீட்டில் சாப்பிட்டவர்கள் இருக்கிறார்கள். பொங்கல் விழாவில் பறைச் சத்தம் தாங்காமல் என் மகன் காதைப் பொத்திக்கொண்டு கத்தியபோது ஓடிவந்து தண்ணீர் கொடுத்தவரும் இருக்கிறார். அவர் மனதில் அப்போதும் வரிக் கணக்கு ஓடியதா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஆனால் அதை நினைக்காமலும் இருக்க முடியவில்லை.

கேள்வி கேட்ட தங்கச்சிக்கு: ஏஜென்டிடம் பேசுவதற்கு முன்னால் அந்த ஊர் செபாக்கிடம், அதாவது சிறப்புக் கல்விப் பெற்றோர் குழுவிடம் பேசுங்கள். இங்கே ஒவ்வொரு டிஸ்ட்ரிக்டிலும் அது இருக்க வேண்டும் என்பது விதி. உங்கள் பிள்ளைக்கு ஏற்ற வகுப்பு ஊருக்குள்ளேயே இருக்கிறதா, எத்தனை பேரை வெளியே அனுப்புகிறார்கள் என்று கேளுங்கள். இப்போதுள்ள ஐஇபியின், அதாவது பிள்ளைக்கு என்னென்ன உதவி என்று பள்ளி எழுதும் திட்டத்தின், நகலைக் கையோடு கொண்டுவாருங்கள். புதியது எழுதும்வரை அதற்கு இணையான உதவிகளை அவர்கள் தர வேண்டும். எங்கள் ஊர்ப் பெயரை இங்கே எழுதவில்லை, அந்த வரிப் பேச்சு இங்கும் தொடங்கிவிடும். இன்பாக்ஸில் வாருங்கள், சொல்கிறேன்.