அளந்த கணக்கைக் காட்டிவிட்டு வரி கேளுங்கள்

நம்ம பஜாரில் அண்ணாச்சி கடை இருக்கிற கட்டிடத்தின் முன்னால் நகராட்சிக்காரர்கள் குப்பைத் தொட்டியை இறக்கிய போட்டோ நேற்று மத்தியானத்திலிருந்து நம்ம ஊர் குரூப் எல்லாவற்றிலும் சுற்றிக்கொண்டிருக்கிறது. அவர் சொத்து வரி பாக்கி வைத்திருக்கிறார் என்று சொல்லித்தான் அதை இறக்கியிருக்கிறார்கள். "வரி கட்டாதவனுக்கு இப்படித்தான் செய்யணும்" என்று கீழே எழுதியவர்களில் சிலர் அதே கடையில் தவணைக்குக் குக்கர் வாங்கியவர்கள். பெயர் சொல்ல மாட்டேன்.

நான் கேட்பது ஒன்றுதான். அந்தப் பாக்கித் தொகை எப்படி வந்தது? அளந்த கணக்கை யாராவது பார்த்தீர்களா? அண்ணாச்சியே பார்த்ததில்லை. கேட்டு மனு கொடுத்திருக்கிறார், சீல் போட்ட நகல் கையில் இருக்கிறது, பதில்தான் இல்லை. மனு நிலுவையில் இருக்கும்போது தொட்டி மட்டும் வந்துவிட்டது.

அவர் கடை 18-க்கு 40. 720 சதுர அடி. வாசலில் வெயிலுக்குப் போட்ட தகரச் சாய்ப்பு 18-க்கு 6. அதையும் கட்டிடத்தோடு சேர்த்து 828 என்று ஏற்றியிருக்கிறார்கள். பின்பக்கம் பாதி ஓட்டுக் கூரை. ரெக்கார்டில் முழுவதும் கான்கிரீட். வணிகக் கட்டிடத்துக்கு வரி போடும்போது பரப்பளவு, தெரு எந்த மண்டலத்தில் வருகிறது, கூரை என்ன, என்ன உபயோகம், கட்டி எத்தனை வருஷம் என்று ஒவ்வொன்றும் தொகையை ஏற்றும் இறக்கும். இதில் இரண்டு தப்பாக இருந்தால் மொத்தமும் தப்பு. இதைச் சொல்ல ஆடிட்டர் தேவையில்லை, ஒரு டேப் போதும்.

"அப்போ ரோடு, தண்ணி, தெருவிளக்கு எல்லாம் எங்கிருந்து வரும்?" என்று கேட்பீர்கள். வரியிலிருந்துதான். கட்ட மாட்டேன் என்று யார் சொன்னது? என் அப்பா உயிரோடு இருந்தவரை ஏப்ரலும் அக்டோபரும் பிறந்த முதல் வாரமே கட்டிவிட்டு வருவார், சீக்கிரம் கட்டினால் 5 சதவீதத் தள்ளுபடி என்ற ஒன்று வருவதற்கு முன்பே. ரசீதையெல்லாம் எங்கள் பிரிண்டிங் பிரஸ்ஸில் பில் குத்துகிற கம்பியில் குத்தி வைத்திருப்பார். வரியை எதிர்த்து நான் எழுதவில்லை. அளந்த கணக்கைக் காட்டுங்கள் என்றுதான் எழுதுகிறேன்.

2022 ஏப்ரலில் சொத்து வரிச் சீராய்வு வந்தபோது சென்னைக்கு வெளியே வணிகக் கட்டிடங்களுக்கு 100 சதவீத உயர்வு. 600 சதுர அடிக்குள் இருக்கிற வீட்டுக்கு 25 சதவீதம். ரொம்ப வருஷமாக ஏற்றவில்லை, மத்திய நிதியைப் பிரித்துக் கொடுக்கிற 15-வது நிதிக்குழுவின் நிபந்தனை இருக்கிறது என்று அரசு காரணம் சொன்னது. சரி, ஏற்றுக்கொண்டோம். ஆனால் அன்றிலிருந்து "வீடு", "கடை" என்று ரெக்கார்டில் இருக்கிற ஒரு வார்த்தைக்கு எவ்வளவு கனம் என்று யோசியுங்கள். எங்கள் கட்டிடத்தில் முன்பக்கம் பிரஸ். பின்பக்கம் அம்மா சமைக்கிற இடம், ஒரு படுக்கையறை, பூஜை அலமாரி. அவ்வளவும் வணிகம் என்று ஏறியிருக்கிறது.

அளக்க வந்த அன்று நான் மதுரைக்குப் பேப்பர் எடுக்கப் போயிருந்தேன். அம்மா மட்டும்தான் இருந்தாள். வந்தவர் நடையில் நின்றபடியே உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "கடைசிவரை பிரஸ்தானே?" என்று கேட்டாராம். அம்மா "இல்ல சார், இது அடுப்படி" என்று சொல்லி ஸ்கிரீனை விலக்கிக் காட்டியிருக்கிறாள். அவர் செருப்பைக் கழற்றி உள்ளே வரவும் இல்லை, அடுப்படியைத் தனியாக அளக்கவும் இல்லை. பிறகு நான் ஆபீசுக்குப் போய் அளவு ஷீட்டைக் கேட்டபோது கிடைத்த பதில், "சிஸ்டத்துல அப்படித்தான்மா இருக்கு." அதற்கடுத்து ஒரு கேள்வி. "வீட்ல ஆம்பளைங்க யாரும் இல்லையா? அவங்களை வரச் சொல்லுங்க." அப்பா போன பிறகு அந்த பிரஸ்ஸை நடத்துவது நான். ஜிஎஸ்டி என் பெயரில், கரண்ட் பில் என் பெயரில், வரி ரசீதும் என் பெயரில். சுவரின் நீளத்தைக் கேட்க மட்டும் ஆம்பளை வர வேண்டுமா?

"அப்போதே ஆட்சேபனை கொடுத்திருக்கலாமே" என்று நேற்று ஒரு தம்பி கமெண்ட் போட்டிருந்தான். எதை வைத்துக் கொடுக்க? நோட்டீசில் மொத்தத் தொகைதான் இருக்கிறது. எந்த அறையை எதில் சேர்த்தார்கள் என்று தெரியாமல் எதை ஆட்சேபிப்பது?

இன்னொரு வகை ஆட்கள் இருக்கிறார்கள். வியாபாரி என்றாலே ஏய்ப்பவன் என்று அவர்களுக்கு முடிவாகிவிட்டது. ஏய்ப்பவர்கள் இருக்கிறார்கள், இல்லை என்று சொல்ல மாட்டேன். மதுரை மாநகராட்சியில் என்ன நடந்தது என்று 2025 முழுக்கப் படித்தோமே. அதிகாரிகளின் பாஸ்வேர்டை வைத்து கம்ப்யூட்டரில் புகுந்து, பெரிய வணிகக் கட்டிடங்களுக்கு வரியைக் குறைத்துப் போட்டதாக வழக்கு. பில் கலெக்டர்கள் கைது, மண்டலத் தலைவர்கள் ராஜினாமா, ஹைகோர்ட் மதுரைக் கிளை வரை போனது. அங்கே குறைத்துப் போட்டதும் "சிஸ்டம்" வழியாகத்தான், இங்கே எனக்குக் கூட்டிப் போட்டதும் அதே சிஸ்டம்தான். அளவு ஷீட்டை எல்லாருக்கும் கொடுத்திருந்தால், வெப்சைட்டில் கட்டிடவாரியாகப் போட்டிருந்தால், எதிர்க்கடைக்காரன் ஒரே நாளில் கண்டுபிடித்திருப்பான். ஆடிட்டுக்கு அதைவிடச் சிறந்த ஆள் கிடையாது. நம்ம பஜாரிலேயே மாடி மேல் மாடி எழும்பிய கட்டிடங்கள் எந்தக் கணக்கில் இருக்கின்றன என்று எல்லாருக்கும் தெரியும். அங்கே ஏன் தொட்டி போகவில்லை? இதற்கும் பதில் எல்லாருக்கும் தெரியும்.

அளக்க வருகிறவர்களுக்கும் வேலைப்பளு அதிகம், ஒரு ஆளுக்குப் பல வார்டு என்கிறார்கள். இருக்கலாம். ஆனால் அவர்கள் அவசரத்தில் எழுதிய ஒரு எண்ணுக்கு நான் ஆயுசுக்கும் பணம் கட்டுகிறேன். 2024-ல் 6 சதவீதம் ஏற்றினார்கள். அடிப்படை எண் தப்பாக இருந்தால் தப்பும் சேர்ந்து ஏறும், வருஷாவருஷம் அதே 6 சதவீதம் ஏறினால் 12 வருஷத்தில் இரட்டிப்பாகிவிடும். தாமதமானால் மாதம் 1 சதவீதம் வட்டி வேறு. கட்டாத தொகைக்கு வட்டி போடத் தெரிந்த சிஸ்டத்துக்கு, அடுப்படியைக் கழிக்கத் தெரியாதா?

அந்தத் தொட்டி இருக்கும் இடத்தையும் பாருங்கள். அண்ணாச்சி கட்டிடத்தின் ஓரப் போர்ஷனில் வாடகைக்கு டீக்கடை வைத்திருக்கிறவர் வாசல் அது. சொத்து வரி கட்டிட உரிமையாளர் பொறுப்பு. டீக்கடைக்காரர் பெயரில் ஒரு ரூபாய் பாக்கி கிடையாது. ஈ மொய்க்கிற இடத்தில் யார் வடை வாங்குவார்கள்? அவர் ஒருவரிடமும் சண்டை போடவில்லை, நேற்று சாயங்காலமே கடையை அடைத்துவிட்டார். பாக்கி இருந்தால் நோட்டீஸ் கொடுங்கள், கோர்ட்டுக்குப் போங்கள், சட்டம் எத்தனையோ வழி வைத்திருக்கிறது. நாற்பது வருஷம் அந்த பஜாரில் உட்கார்ந்து நாலு பேருக்கு நல்லவராக இருந்த மனிதரை நாற்றத்தில் உட்கார வைப்பது எந்த விதியில் இருக்கிறது? நேற்று ராத்திரி அம்மா, "நமக்கும் இப்படி வைப்பாங்களாடி?" என்று கேட்டாள். எழுபது வயசில் அவள் அப்படிக் கேட்க வேண்டிய அவசியம் என்ன? ஒரு பாக்கியும் இல்லாத வீடு இது.

திங்கட்கிழமை நான் ஆர்டிஐ, அதாவது தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு, போடுகிறேன். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும், 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். நான்கு விவரம் கேளுங்கள்: என் கட்டிடத்தின் அளவு ஷீட் நகல், எந்த மண்டல மதிப்பு, எந்த உபயோகப் பிரிவு, அளந்த தேதி. பஜாரில் நோட்டீஸ் வந்த யார் வேண்டுமானாலும் பிரஸ்ஸுக்கு வாங்க, மனுவை நானே டைப் அடித்து பிரிண்ட் எடுத்துத் தருகிறேன், காசு வேண்டாம். போன அரையாண்டு ரசீதும் வரிவிதிப்பு எண்ணும் மறக்காமல் கொண்டு வாங்க. காலையில் 10 மணிக்கு மேல் இருப்பேன்.