ஜேம்ஸ்டவுன் கிணறுகளில் கிடைத்த ஆயுதங்கள்

1607-இல் ஆங்கிலேயர் வர்ஜீனியாவில் அமைத்த ஜேம்ஸ்டவுன் கோட்டையில் கிடைத்த வாள்களையும் துப்பாக்கிப் பாகங்களையும் 'வெற்றிச் சின்னங்கள்' என்று, அவற்றைப் பற்றி வெளிவரும் தொடர் கட்டுரை குறிப்பிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. தொல்லியலாளர் வில்லியம் கெல்சோ 1994-இல் தொடங்கிய அகழாய்வில் இவற்றுள் பல, பாழ்பட்ட கிணறுகளிலும் நிலவறைகளிலும் குப்பையோடு குப்பையாகவே கிடைத்தன. 1609-10 குளிர்காலப் பஞ்சத்தில் குடியேறிகளில் பெரும்பாலோர் மாண்டபின், 1610 கோடையில் கோட்டையைத் துப்புரவு செய்தபோது அக்குழிகளில் சில மூடப்பட்டன. பட்டினியால் நிலைகுலைந்தவர்கள் விட்டுச்சென்ற எச்சங்களை வெற்றியின் அடையாளமாகக் காட்டுவது முறையன்று. பழங்குடித் தலைவர் பவ்ஹாட்டன், தானியத்துக்கு ஈடாகச் செம்பை விரும்பாமல் வாளும் துப்பாக்கியுமே கேட்டதாகக் குடியேறிகளின் தலைவர்களில் ஒருவரான ஜான் ஸ்மித் எழுதியிருப்பதையும் சேர்த்திருக்க வேண்டும்.

கண்டெடுத்த பொருள்களைச் சிதையாமல் காக்கும் பணியைக் கட்டுரை ஒரே வரியில் கடந்துவிட்டது வருத்தமளிக்கிறது. மண்ணிலிருந்து எடுக்கும்போது கைத்துப்பாக்கி என்பது துருவும் மணலும் இறுகிய வெறும் கட்டிதான். ஊடுகதிர்ப் படம் (எக்ஸ்-ரே) எடுத்த பிறகே சிக்கிமுக்கிக் கல்லைக் கவ்வும் தாடையும் விசையும் புலப்படுகின்றன. துருவுக்குள் தங்கிய உப்பைக் காரக் கரைசலில் பொறுமையாக வெளியேற்றாவிட்டால், நானூறு ஆண்டுகள் மண்ணுக்குள் தாக்குப்பிடித்த இரும்பு, காற்றின் ஈரம் பட்டதும் செதில் செதிலாக உதிரத் தொடங்கிவிடும். அடுத்த பகுதியிலாவது ஒவ்வொரு பொருளும் எந்தக் குழியில், எந்த மண்ணடுக்கில் கிடைத்தது என்பதைப் படத்தின் கீழேயே குறிப்பிடுமாறு ஆசிரியரைக் கேட்டுக்கொள்கிறேன்.