கோழிக்குக் கொம்பு இல்லை

2017 ஞாபகம் இருக்கிறதா? ஜனவரியில் காளைக்காக மெரினா நிரம்பியது. மே மாதம் மாட்டுச் சந்தைக்கு ஒன்றிய அரசு போட்ட விதிகளைப் பார்த்துக் கொதித்தோம். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இடைக்காலத் தடை கொடுத்தது. ஜூலையில் சட்ட ஆணையத்தின் 269வது அறிக்கை வந்தது. முட்டைக்கோழியையும் பிராய்லரையும் எப்படி வைத்து வளர்க்க வேண்டும் என்பதுதான் விஷயம். ஒருத்தராவது பதிவு போட்டோமா? நானும் போடவில்லை.

போடாததற்கு எனக்குக் காரணம் இருந்தது. நாமக்கல் பக்கம் என் மாமா முட்டைக்கோழிப் பண்ணை வைத்திருக்கிறார். என் பள்ளி விடுமுறையெல்லாம் அந்த ஷெட்டில்தான் கழிந்தது. கூண்டில் கோழி நிற்கும், தின்னும், முட்டை போடும். சரிவான கம்பியில் முட்டை உருண்டு முன்னால் வந்து நிற்கும். ஒன்றையொன்று கொத்திக்கொள்ளும் என்பதால் குஞ்சிலேயே அலகு நுனியை வெட்டிவிடுவார்கள். அதே ஊரில் அம்மாயி வளர்த்த கோழி மத்தியானம் குழி பறித்துப் புழுதியில் புரளும், முட்டையிட மறைவான மூலை தேடி அலையும், பொழுது சாய்ந்தால் வேப்பங்கிளையில் ஏறிக்கொள்ளும். இது மூன்றையும் ஷெட்டுக் கோழி ஒருநாளும் செய்து நான் பார்த்ததில்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. ருக்மிணி தேவி அருண்டேல் 1950களில் மாநிலங்களவையில் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். நேரு அரசே சட்டம் கொண்டுவருவதாகச் சொன்ன பிறகு அதைத் திரும்பப் பெற்றார். அப்படி வந்ததுதான் 1960 மிருகவதைத் தடுப்புச் சட்டம். ஓரளவாவது அசைய இடமில்லாத கூண்டில் விலங்கை அடைப்பது குற்றம் என்று 11வது பிரிவு சொல்கிறது. முதல் தடவைக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய். ஐம்பது ரூபாய்க்கு இன்றைக்குப் பத்து முட்டை வராது.

2019ல் ஒன்றிய அரசு ஒரு வரைவு விதி வெளியிட்டது. ஒரு கோழிக்குக் குறைந்தது 550 சதுர சென்டிமீட்டர். ஜெராக்ஸ் கடையில் வாங்குகிற ஏ4 தாள் 620க்கு மேல். 'சீர்திருத்தம்' என்று பேசியதே அந்தத் தாளைவிடச் சின்னது!

இதை மாமாவிடம் சொன்னேன். "இடத்தைக் கூட்டுனா அதே ஷெட்டுல கோழி குறையும் மாப்ள. ஷெட்டுக்கு வாங்குன கடன் குறையுமா? பேப்பர்ல ஒரு விலை வருது, வியாபாரி அதுலயும் மைனஸ் போடறான். சட்டம் போடறவங்க முட்டைக்குக் காசு கூடக் குடுப்பாங்களா?"

பதில் சொல்ல முடியவில்லை. விலங்கு நல ஆர்வலர்கள் பலருடைய பேச்சில் இந்தக் கேள்வியே வருவதில்லை. விலங்கு நலம் என்றாலே கறி, முட்டைக்கு ஆப்பு வைக்கிற வேலை என்று நம்மில் பலர் சந்தேகப்படுவதிலும் நியாயம் இருக்கிறது. 2015ல் மத்தியப் பிரதேசத்தில் அங்கன்வாடிக் குழந்தைக்கு முட்டை கொடுக்கும் யோசனையை அன்றைய முதல்வர் சிவராஜ் சிங் சௌகான் மறுத்தார். அதைப் பார்த்தவர்களுக்குச் சந்தேகம் வராமல் இருக்குமா?

ஆனால் அந்தச் சந்தேகத்தையே சாக்காக வைத்துக்கொண்டு நாம் கூண்டைப் பற்றிப் பேசாமலே இருந்துவிட்டோம். ஐரோப்பிய ஒன்றியத்தில் மட்டும் முட்டை தின்பதை நிறுத்திவிட்டார்களா என்ன? 1999ல் விதி போட்டார்கள், வெறுங்கம்பிக் கூண்டு 2012 ஜனவரியில்தான் முழுசாகத் தடையானது. பண்ணைக்காரருக்குப் பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் அவகாசம். அதன் பிறகும் கூண்டு வைக்கலாம். ஆனால் தலைக்கு 750 சதுர சென்டிமீட்டர், உட்காரக் கம்பு, முட்டையிட மறைவிடம் எல்லாம் உள்ளே இருக்க வேண்டும். எனக்கு அதுவே போதாது. இருந்தாலும் அங்கேயிருந்தாவது ஆரம்பிக்கலாம்.

இங்கே யார் ஆரம்பிப்பது? சத்துணவுக்கு வாரம் ஐந்து முட்டை வாங்குகிற தமிழ்நாடு அரசுதான். இவ்வளவு பெரிய வாடிக்கையாளர் டெண்டரில் ஒரு வரி சேர்க்கட்டும்: இடம் கூடுதலாகக் கொடுக்கும் பண்ணையிலிருந்து முதலில் பத்தில் ஒரு பங்கு முட்டை, அதற்கு ஏற்ற விலை. பிள்ளைகளின் தட்டில் ஒரு முட்டையும் குறையக் கூடாது, கூடுதல் செலவு அரசுடையது. மாமா மாதிரி ஆட்களுக்கு ஷெட்டை மாற்ற வட்டியில்லாக் கடன் வேண்டும். அபராதத்தை ஏற்றுவதெல்லாம் இதற்குப் பிறகு.

போன வாரம் இதையும் மாமாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் கணக்குப் போட்டார். "முட்டை குடுத்த பில்லை எத்தனை மாசத்துல பாஸ் பண்ணுவாங்கன்னு கேட்டுச் சொல்லு" என்றார்.