கசியவிட்டது யார் என்பது ஒரு கேள்வி, கசிந்தது உண்மையா என்பது வேறு கேள்வி

ஸ்காட்லாந்தின் கால்பந்து கிளப்பான கிளாஸ்கோ ரேஞ்சர்ஸின் ரசிகர்களிடம் பிபிசி ஸ்காட்லாந்து என்ற பெயரைச் சொன்னால் இன்றும் பலருக்கு முகம் மாறிவிடும். 2012 மே 23 அன்று அந்தத் தொலைக்காட்சி ஒளிபரப்பிய ஆவணப்படம் அதற்கு முக்கியக் காரணம். விசாரணை முடிந்து தீர்ப்புக்குக் காத்திருந்த அந்தக் கிளப்பின் வரி வழக்கு ஒன்றின் ரகசிய ஆவணங்கள் அதில் வெளியாகின. எந்த வீரருக்கு, எந்த நிர்வாகிக்கு எவ்வளவு போனது என்ற பட்டியலும் இருந்தது. அந்த வழக்கு பொதுமக்களை உள்ளே விடாமல் நடந்த வழக்கு. நவம்பரில் வந்த தீர்ப்பிலும் யாருடைய உண்மைப் பெயரும் இல்லை, நிறங்களின் பெயர்களால்தான் ஆட்களைக் குறிப்பிட்டிருந்தார்கள். தீர்ப்பாயம் அவ்வளவு கவனமாக மறைத்த பெயர்களை நாடு முழுவதும் ஆறு மாதம் முன்பே தொலைக்காட்சியில் பார்த்துவிட்டது.

ரசிகர்களின் கோபம் எனக்குப் புரிகிறது. நான் ரேஞ்சர்ஸ் ரசிகனும் இல்லை, அதே ஊரின் எதிரணியான செல்டிக்கின் ரசிகனும் இல்லை. இந்த வழக்கைத் தொடக்கத்திலிருந்து விடாமல் படித்து வந்தவன், அவ்வளவுதான். எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். அந்த ரசிகர்களுக்கு அநியாயம் நடந்தது உண்மை. ஆனால் அதைச் செய்தவர்களைத் தேடி அவர்கள் போன திசை தவறு.

முதலில் பணம் எப்படிப் போனது என்று பார்த்துவிடுவோம், ஏனென்றால் இந்த விவாதத்தில் பெரும்பாலானவர்கள் தாண்டிப் போவது இதைத்தான். 1988இல் ரேஞ்சர்ஸை 60 லட்சம் பவுண்டுக்கு வாங்கியவர் டேவிட் முர்ரே. செல்டிக் ஐந்து பவுண்டு செலவழித்தால் நாங்கள் பத்து செலவழிப்போம் என்று பேசிய ஆள். 2001 முதல் 2010 வரை அவருடைய குழுமம் பணியாளர் நல அறக்கட்டளை என்ற ஏற்பாட்டைப் பயன்படுத்தியது. இபிடி என்று சொல்வார்கள். சம்பளத்தை நேராகக் கையில் கொடுத்தால் வருமான வரியும் தேசியக் காப்பீட்டுத் தொகையும் பிடிக்க வேண்டும். அதனால் ஒரு பகுதியை அறக்கட்டளைக்கு அனுப்பினார்கள். அறக்கட்டளை அந்த வீரர் பெயரில் ஓர் உப அறக்கட்டளையை உண்டாக்கும். அங்கிருந்து பணம் வீரருக்குக் கடனாகப் போகும். கடனுக்கு வரி கிடையாது. திருப்பிக் கட்டச் சொல்லி யாரும் கேட்கப் போவதும் இல்லை. இப்படிப் போனது ஏறத்தாழ 4 கோடியே 70 லட்சம் பவுண்டு.

இதில் முக்கியமான ஒரு விஷயம் உண்டு. அறக்கட்டளைக்குப் பணம் போவது ரகசியமே இல்லை. கிளப்பின் ஆண்டுக் கணக்கறிக்கையில் அந்தத் தொகை வருடா வருடம் அச்சாகி வந்தது. ரகசியமாக இருந்தவை சைடு லெட்டர்கள். அறக்கட்டளை வழியாக உனக்கு இவ்வளவு வரும் என்று வீரருக்கு உறுதி கொடுத்த தனிக் கடிதங்கள். கால்பந்து அமைப்புகளிடம் பதிவு செய்த ஒப்பந்தத்தில் அவை இல்லை. வேறொரு வீரரின் இடமாற்றம் தொடர்பாக 2007இல் லண்டன் சிட்டி போலீஸ் ரேஞ்சர்ஸின் இப்ராக்ஸ் மைதானத்தில் சோதனை போட்டபோதுதான் வரித்துறைக்கு நல்ல பிடி கிடைத்தது.

சரி, கசிவுக்கு வருகிறேன்.

ஒருவருடைய வரி விவரம் ரகசியமாக இருக்க வேண்டும் என்பது வெறும் சம்பிரதாயம் இல்லை. பிரிட்டனில் 2005ஆம் ஆண்டுச் சட்டப்படி, வரித்துறை அலுவலர் ஒருவர் வரி கட்டுபவரை அடையாளம் காட்டும் தகவலை அனுமதியில்லாமல் வெளியே விட்டால் அது குற்றம். இரண்டு ஆண்டு வரை சிறை. இந்தப் பாதுகாப்பு எனக்கும் உங்களுக்கும் வேண்டியது. நம்பி ஒப்படைத்த கணக்கு நாளை செய்தியில் வரும் என்றால் எவரும் உண்மையான கணக்கைக் கொடுக்க மாட்டார்கள். பட்டியலில் இருந்த எல்லா வீரர்களும் வரி ஏய்க்கத் திட்டம் போட்டவர்களும் அல்ல. முகவரும் கிளப்பும் நீட்டிய காகிதத்தில் கையெழுத்துப் போட்ட இளைஞர்கள் பலர் இருந்திருப்பார்கள். அவர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லித் திரையில் நிறுத்தியது தேவையில்லாத வேலை என்றுதான் நினைக்கிறேன். சைடு லெட்டர் எப்படி இயங்கியது, அதை யார் வடிவமைத்தார்கள், கிளப்பின் தலைமை என்ன முடிவெடுத்தது என்பதைச் சொன்னால் போதும். பொதுநலன் அங்கேதான் இருக்கிறது.

முர்ரே தரப்பு கசிவு பற்றி விசாரணை கேட்டது, ரசிகர்களும் கேட்டார்கள். நியாயமான கோரிக்கை. ஆனால் ரசிகர்களில் பலர் வரித்துறையை மட்டுமே கைகாட்டினார்கள். வழக்கு ஆவணங்கள் வரித்துறையிடம் மட்டுமா இருந்தன? கிளப்பில் இருந்தன, முர்ரே குழுமத்தில் இருந்தன, இரு தரப்பு வழக்கறிஞர்களிடம் இருந்தன. யார் கொடுத்தார் என்று தெரிவதற்கு முன்பே ஏன் கொடுத்தார் என்று முடிவு கட்டியாகிவிட்டது: எங்கள் கிளப்பை அழிக்கத்தான்.

இந்த ஊகத்துக்குத் தீனி போட்டதில் பிபிசிக்கும் பங்கு உண்டு. 2011இல் அப்போதைய ரேஞ்சர்ஸ் மேலாளர் ஆலி மெக்கோய்ஸ்ட் சம்பந்தப்பட்ட ஒரு செய்தித் தொகுப்பில், மதவெறி வன்முறை பற்றிய கேள்விக்கு அவர் சிரிப்பதுபோல் தோன்றும்படி காட்சியை வெட்டி ஒட்டியிருந்தார்கள். பிபிசி மன்னிப்புக் கேட்டது. அது சின்ன விஷயமே இல்லை. கிளாஸ்கோவில் இந்த இரு கிளப்புகளையும் சுற்றி ஓடும் கத்தோலிக்க, புராட்டஸ்டண்ட் பகை எத்தனை பேரை மருத்துவமனைக்கு அனுப்பியிருக்கிறது என்று தெரிந்தவர்கள் அப்படியொரு வெட்டைச் செய்திருக்கவே கூடாது. அதைப் பார்த்த ரசிகன் அடுத்த வருடம் வந்த ஆவணப்படத்தையும் அதே கண்ணால்தான் பார்த்திருப்பான். 2015இல் கிளப் ஒரு பிபிசி செய்தியாளரை இப்ராக்ஸுக்குள் வர வேண்டாம் என்றதும், பிபிசி பல வருடம் அங்கே செய்தியாளரை அனுப்பாமலே இருந்ததும் இந்தக் கசப்பின் தொடர்ச்சி.

ஆனால் ஊடகச் சார்பு என்று பேசுகிறவர்கள் 2011க்கு முன்னாலும் கொஞ்சம் போக வேண்டும். 1998இல் ஸ்காட்லாந்தின் பெரிய நாளேடு ஒன்றின் விளையாட்டுச் செய்தியாளர் முர்ரேயோடு உட்கார்ந்து சாப்பிட்ட ஆட்டிறைச்சியின் சுவையைப் புகழ்ந்து பேட்டி எழுதினார். அன்றிலிருந்து முதலாளியைத் தடவிக் கொடுத்து எழுதும் கால்பந்துச் செய்திக்கு அந்த ஆட்டிறைச்சியே பெயராகிவிட்டது. அதே செய்தியாளர் பின்னாளில் ரேஞ்சர்ஸின் தகவல் தொடர்பு இயக்குநராகப் போனார். 2001க்குப் பிந்தைய ஆண்டுகளில் இபிடி தொகை கணக்கறிக்கையில் அச்சாகிக் கொண்டேயிருந்தது. விளையாட்டுப் பக்கத்தில் இடமாற்றச் செய்தியும் முர்ரேயின் கனவுத் திட்டங்களும் வந்தன, இது என்ன அறக்கட்டளை, எதற்கு இவ்வளவு பணம் என்ற கேள்வி வரவில்லை. ஊடகம் ரேஞ்சர்ஸ் ரசிகர்களுக்கு இழைத்த பெரிய துரோகம் என்று நான் இதைத்தான் சொல்வேன். அந்தக் காலத்தில் ஊடகத்தைச் சந்தேகித்தவர்கள் செல்டிக் ரசிகர்கள். ரேஞ்சர்ஸ் ரசிகர்களுக்கு அப்போது எந்தக் குறையும் தெரியவில்லை.

கிரெய்க் வைட் விஷயத்தில் இது இன்னும் மோசம். 2011 மே மாதம் முர்ரே ஒரே ஒரு பவுண்டுக்குக் கிளப்பை அவருக்கு விற்றார். வரி வழக்கு தலைக்கு மேல் தொங்கியதால் வேறு நல்ல வாங்குபவர் யாரும் நெருங்கவில்லை. வாங்குவதற்கு முன்பே வைட்டை மாபெரும் செல்வந்தராக வர்ணித்துப் பத்திரிகைச் செய்தி வந்துவிட்டது. வங்கிக் கடனை அடைக்க அவர் பயன்படுத்திய பணம், ரசிகர்கள் எதிர்காலத்தில் வாங்கப்போகும் சீசன் டிக்கெட்டுகளை டிக்கெட்டஸ் என்ற நிறுவனத்துக்கு முன்கூட்டியே விற்று வந்த பணம். அதாவது ரசிகனின் காசை வைத்தே ரசிகனின் கிளப்பை வாங்கினார். 2011 அக்டோபரில் பிபிசி அவரைப் பற்றி ஒரு நிகழ்ச்சி செய்தது. அவர் முன்பு ஏழு ஆண்டுகள் நிறுவன இயக்குநராக இருக்கத் தடை பெற்றவர் என்பது அதில் வெளிவந்தது. கிளப் என்ன செய்தது? பிபிசியோடு ஒத்துழைப்பை நிறுத்தியது. ரசிகர்களில் கணிசமானவர்கள் கைதட்டினார்கள். நான்கே மாதத்தில், 2012 பிப்ரவரி 14 அன்று, கிளப் திவால் நிர்வாகத்துக்குப் போனது. அந்தச் சில மாதங்களில் வைட் சம்பளத்தில் பிடித்தும் அரசுக்குக் கட்டாமல் விட்ட வரியும் மதிப்புக் கூட்டு வரியும் மட்டும் 90 லட்சம் பவுண்டு அளவில் இருந்தன. இங்கே கசிவு எதுவும் இல்லை, பழைய அறக்கட்டளையும் இல்லை. அன்றாட வரியைக் கட்டவில்லை, அவ்வளவே. அந்த ஆண்டே பழைய நிறுவனம் கலைப்புக்குப் போக, கிளப் ஒரு புதிய நிறுவனத்தின் கீழ் நான்காம் அடுக்கு லீக்கிலிருந்து மீண்டும் தொடங்கியது.

பிபிசியின் நோக்கம் நல்லதா கெட்டதா என்று எனக்கு அக்கறையில்லை. அந்த அக்டோபர் நிகழ்ச்சியைக் கேட்டு ரசிகர்கள் வைட்டிடம் கணக்குக் கேட்டிருந்தால், குறைந்தபட்சம் அடுத்த நான்கு மாதத்து வரியாவது கட்டப்பட்டிருக்கும்.

அப்புறம் தீர்ப்புகள். 2012 நவம்பர் 20 அன்று முதல்நிலைத் தீர்ப்பாயம் இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் முர்ரே குழுமத்துக்குப் பெரும்பாலும் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது. கடன் கடன்தான் என்றது. பார்த்தீர்களா, ஒன்றுமில்லாத வழக்கை வைத்து எங்கள் கிளப்பைக் கொன்றுவிட்டார்கள் என்று ரசிகர்கள் கொதித்தார்கள். ரேஞ்சர்ஸ் டாக்ஸ் கேஸ் என்ற வலைப்பதிவை எழுதிய பெயர் தெரியாத நபருக்கு அதே ஆண்டு ஆர்வெல் பரிசு கிடைத்திருந்தது. தீர்ப்பு அவர் எழுதியதற்கு எதிராக வந்ததால் அவரும் மாட்டிக்கொண்டார். ஆனால் அந்தத் தீர்ப்பில் ஹெய்டி பூன் என்ற உறுப்பினர் எழுதிய நீண்ட மாற்றுக் கருத்தைப் படித்தவர்கள் மிகக் குறைவு. கடிதங்களையும் மின்னஞ்சல்களையும் ஒவ்வொன்றாக எடுத்துவைத்து, ஆவணங்கள் காட்டப்பட்ட விதம் பற்றியும் சாட்சிகள் பற்றியும் அவர் கடுமையாக எழுதியிருந்தார். தீர்ப்பு வந்த வாரத்தில் எத்தனை செய்தியாளர்கள் அந்தப் பக்கங்களைத் திறந்து பார்த்தார்கள்? வெற்றி, தோல்வி என்று ஸ்கோர் போலச் செய்தி போட்டுவிட்டு நகர்ந்தார்கள்.

2014இல் மேல் தீர்ப்பாயமும் அதே பக்கம்தான் நின்றது. 2015 நவம்பரில் எடின்பரோவின் கோர்ட் ஆஃப் செஷன் என்ற உயர் நீதிமன்றம் அதைத் தலைகீழாக்கியது. 2017 ஜூலை 5 அன்று பிரிட்டன் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக வரித்துறை பக்கம் தீர்ப்பளித்தது. வேலைக்குக் கொடுக்கும் ஊதியத்தை மூன்றாம் ஆளிடம் திருப்பிவிட்டாலும் அது ஊதியமே, வரி உண்டு என்பது அதன் சாரம். நேர்மையாகச் சொன்னால், வரித்துறை இந்த வாதத்தை முன்னிறுத்தியதே வழக்கு மேலே போன பிறகுதான். ஆரம்பத்திலேயே அதைத் தெளிவாக வைத்திருந்தால் இத்தனை வருட வதை இருந்திருக்காது. வரித்துறை மீதும் எனக்குக் கோபம் உண்டு.

இடையில் 2013 பிப்ரவரியில் கால்பந்து லீக் நியமித்த, லார்ட் நிம்மோ ஸ்மித் தலைமையிலான ஆணையம் சைடு லெட்டர்களைத் தெரிவிக்காததற்காகப் பழைய நிறுவனத்துக்கு இரண்டரை லட்சம் பவுண்டு அபராதம் போட்டது. அந்த ஆண்டுகளில் ரேஞ்சர்ஸ் வென்ற பட்டங்களைப் பறிக்கவில்லை. அப்போது கையில் இருந்தது முதல் தீர்ப்பு மட்டுமே. செல்டிக் ரசிகர்கள் இன்றும் அந்தப் பட்டங்களைக் கேட்டுச் சண்டை போடுகிறார்கள். எனக்கு அந்தச் சண்டையில் ஆர்வமில்லை.

எனக்கு உறுத்துவது பாக்கி வர வேண்டியவர்களின் பட்டியல். திவாலான பழைய கம்பெனி யாருக்கெல்லாம் பாக்கி வைத்ததோ அவர்களில் ஸ்காட்லாந்து ஆம்புலன்ஸ் சேவை இருந்தது. சின்னச் சின்னக் கடைக்காரர்கள் இருந்தார்கள். அந்தப் பட்டியலைப் பற்றி ஸ்காட்லாந்தில் ஓடிய விவாதம், பழைய கிளப்பா புதிய கிளப்பா என்று நடந்த விவாதத்தில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. அந்தக் கடைக்காரர்களில் எத்தனை பேர் சனிக்கிழமை தோறும் நீலத் துண்டு போட்டு இப்ராக்ஸ் போனவர்களாக இருந்திருப்பார்கள்?

ரசிகர்கள் கிளப்பைக் கைவிடவில்லை. 2012 ஆகஸ்டில் நான்காம் அடுக்கு லீக்கில், ஈஸ்ட் ஸ்டர்லிங்ஷயர் என்ற சின்ன அணியோடு நடந்த ஆட்டத்துக்கு சுமார் 49 ஆயிரம் பேர் வந்தார்கள். இப்படிப்பட்டவர்களுக்கு உண்மையைச் சொல்லும் கடமை முர்ரேக்கு இருந்தது, வைட்டுக்கு இருந்தது, விளையாட்டுச் செய்தியாளர்களுக்கு இருந்தது. பத்து வருடம் யாரும் சொல்லவில்லை. கடைசியில் திருட்டுத்தனமாக வந்த காகிதங்கள் வழியாகத்தான் அவர்களுக்குத் தெரிந்தது. அவர்களுடைய கோபத்தில் பெரும்பகுதி அந்தக் காகிதத்தைக் காட்டியவர் மேலேயே போனது.

இதே போக்கை இப்போது மான்செஸ்டர் சிட்டி ரசிகர்களிடமும் பார்க்கிறேன். 2018இல் ஜெர்மனியின் டெர் ஷ்பீகல் இதழ் வெளியிட்ட அந்தக் கிளப்பின் உள் மின்னஞ்சல்கள் எப்படிக் கிடைத்தன என்று பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். கேட்க வேண்டிய கேள்வி அது. அந்த மின்னஞ்சல்களில் என்ன எழுதியிருந்தது என்று கேட்டால் பேச்சு மாறிவிடுகிறது.

ரேஞ்சர்ஸ் ரசிகர்களில் ஒரு பகுதியினர் 2016இல் கிளப் 1872 என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். மாதா மாதம் பணம் போட்டு கிளப்பின் பங்குகளை வாங்கினார்கள். பங்குதாரராக ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் உட்கார்ந்து கணக்கறிக்கையின் எந்த வரியையும் காட்டி இது என்ன என்று கேட்கலாம். 2001இல் அப்படி ஒரு ஆள் எழுந்து அந்த அறக்கட்டளைத் தொகையைப் பற்றிக் கேட்டிருந்தால், முர்ரே என்ன பதில் சொல்லியிருப்பார் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன்.