எங்கள் தொகுதியின் 176 ஓட்டு

குடியரசுத் தலைவர் தேர்தலில் எல்லா எம்எல்ஏக்களின் ஓட்டும் ஒரே மதிப்பு என்பதுபோல் உங்கள் கட்டுரையில் வந்திருக்கிறது. அது சரியில்லை. 1971 கணக்கெடுப்பில் ஒரு மாநிலத்தின் மக்கள்தொகை எவ்வளவோ, அதைச் சட்டமன்ற இடங்களால் வகுத்து, மறுபடி ஆயிரத்தால் வகுப்பார்கள். தமிழ்நாட்டுக்கு அன்று சுமார் 4.12 கோடி, 234 இடம். ஒரு எம்எல்ஏவின் ஓட்டு மதிப்பு 176 வருகிறது. உத்தரப்பிரதேசத்தில் 208, சிக்கிமில் வெறும் 7.

நான் தண்டையார்பேட்டைக்காரன். எங்கள் ஆர்.கே. நகர் தொகுதி ஜெயலலிதா மறைவால் காலியானது. 2017 ஏப்ரலில் நடக்கவேண்டிய இடைத்தேர்தலைப் பணப்பட்டுவாடா புகாரால் ஆணையம் ரத்து செய்தது, டிசம்பரில்தான் நடந்தது. நடுவே ஜூலையில் குடியரசுத் தலைவர் தேர்தல் முடிந்தேபோனது. ஆக எங்கள் பேட்டையின் 176 பெட்டிக்குள் விழவேயில்லை! ராம்நாத் கோவிந்த் பெரிய வித்தியாசத்தில் ஜெயித்ததால் முடிவு மாறியிருக்காது, அது வேறு.

அப்புறம், இப்படித்தான் ஓட்டுப் போடவேண்டும் என்று கட்சி இடும் கொறடா உத்தரவு இந்தத் தேர்தலில் செல்லாது, வாக்கும் ரகசியம். ஓட்டுப் போடுபவர் வேட்பாளர்களுக்கு 1, 2 என்று விருப்ப வரிசை குறிப்பார்; 1969இல் வி.வி. கிரி இரண்டாம் விருப்ப வாக்குகளை எண்ணிய பிறகே ஜெயித்தார். அதையும் ஒரு வரி சேர்த்திருக்கலாம்.