பழசுன்னா விலை போகும்னு இல்லைங்க

விக்டோரியா ராணி காலத்து பென்னின்னாலே (பிரிட்டிஷ் சில்லறை நாணயங்க) நல்ல விலை போகும்னு பழைய நாணயம் பத்தின உங்க கட்டுரையில போட்டிருக்கீங்க, அது அப்படி இல்லைங்க. முகம் தேஞ்ச பென்னியெல்லாம் இங்க லண்டன்ல சந்தைக் கடையில டப்பாவுல குவிச்சு வச்சு சில்லறை விலைக்குத்தான் விக்கறாங்க. வருஷத்த மட்டும் பாக்காம அது பக்கத்துல குட்டியா எழுத்து இருக்கான்னு லென்ஸ் வச்சு பாருங்க, 1918, 1919 பென்னியில வருஷத்துக்கு இடது பக்கம் Hனோ KNனோ இருந்தா பர்மிங்காம்ல அடிச்சது, தேயாம இருந்தா அதுக்கு தனி மவுசு. 1933 பென்னி கிடைச்சுதுன்னு யாராவது சொன்னா சிரிச்சுட்டு வந்துடுங்க, மொத்தமே ஏழோ என்னவோதான் இருக்கு. குருவி போட்ட ஃபார்திங் (கால் பென்னிங்க, 1937லேர்ந்து 56 வரை) பாக்க அவ்ளோ அழகு, ஆனா ஏராளமா கிடைக்கும்.

இன்னொன்னு, தயவுசெஞ்சு கழுவாதீங்க. நான் ஒரு 1860 பென்னிய, வெண்கலத்துல வந்த முதல் வருஷம் அது, குத்துவிளக்கு தேய்க்கற மாதிரி புளி போட்டு தேச்சேன், பளபளன்னு சிவப்பா ஆயிடுச்சு. வியாபாரி ஒரு பார்வை பாத்துட்டு வாங்காம திருப்பி குடுத்துட்டார்.