வானவில் ஏற்றிய வெள்ளி ரூபாய்

நேற்று ஒரு வாட்ஸ்ஆப் குழுவில் 1862 விக்டோரியா வெள்ளி ரூபாய் ஒன்று விற்பனைக்கு வந்தது. முகம் முழுக்க நீலம், ஓரத்தில் ஊதா. ‘ஒரிஜினல் டோனிங்’, அதாவது காலப்போக்கில் வெள்ளியில் தானாகப் படிந்த நிறம், என்று எழுதி விலையை நாலு மடங்கு போட்டிருந்தார்கள். கேட்டவர்களில் பாதிப் பேர் புதிதாகச் சேகரிக்க வந்த பிள்ளைகள். எனக்கோ அது தானாக வந்த நிறமாகத் தெரியவில்லை, யாரோ ஏற்றியதாகத்தான் படுகிறது. அதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

அந்த நாணயம் நன்றாகப் புழங்கியது. ராணியின் கிரீடமும் தலைமுடியும் தேய்ந்து மழமழவென்று ஆகிவிட்டன. அந்த மேட்டிலும் பள்ளத்திலும் ஒரே அழுத்தத்தில் நீலம். கை பட்டுத் தேய்ந்த வெள்ளியில் மேடு வெளுத்திருக்கும், எழுத்துகளின் இடுக்கு கறுத்திருக்கும். புழக்கம் நின்றபின் ஆல்பத்தில் கிடந்து நிறம் பிடித்ததும் உண்டுதான். ஆனால் அந்த நிறம் பெரும்பாலும் ஓரத்தில் தொடங்கி நடுவை நோக்கி மெல்ல மெல்லப் போகும்.

நிறம் எப்படி வருகிறது? காற்றிலும் காகிதத்திலும் துணியிலும் இருக்கும் கந்தகம் வெள்ளியோடு சேர்ந்து சல்பைடு படலமாகிறது. சோப்புக் குமிழியில் நிறம் தெரிகிற மாதிரிதான், படலத்தின் தடிமனுக்கு ஏற்ப நிறம் மாறும். முதலில் வெளிர் மஞ்சள், பிறகு செம்பழுப்பு, ஊதா, நீலம். அதற்கு மேலும் தடித்தால் வெளிர் நீலம் வந்து மறுபடி மஞ்சள், ரோஜா, பச்சை. இந்த வரிசையை மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள். வெறும் வெள்ளிக்குப் பக்கத்திலேயே மஞ்சளும் சிவப்பும் இல்லாமல் திடீரென்று நீலம் நின்றால் நான் அந்த நாணயத்தைக் கீழே வைத்துவிடுவேன்.

வானவில் டோனிங்குக்குப் பெரிய விலை கொடுக்கும் பழக்கத்தை வளர்த்ததில் அமெரிக்க மார்கன் டாலருக்கு முக்கியப் பங்கு உண்டு. 1878 முதல் அச்சான அந்த டாலர்களை ஆயிரம் ஆயிரமாகத் துணிப்பையில் கட்டி, கருவூலத்தில் பல பத்தாண்டுகள் போட்டு வைத்திருந்தார்கள். துணியை ஒட்டிக் கிடந்த காசுகளுக்கு நிறம் ஏறியது. பக்கத்துக் காசு மூடியிருந்த இடம் பிறை போல வெள்ளையாகவே நின்றது. சிலவற்றில் துணியின் நெசவே பதிந்திருக்கும். அங்கே நிறத்துக்கு ஒரு காரணம் இருக்கிறது, அந்தக் காரணம் காசின் மேலேயே தெரிகிறது.

நம் வீட்டு ரூபாய் இருந்த இடம் வேறு. பூஜை அறைத் தட்டு, நகைப்பெட்டி, பரணில் ஒரு செம்பு. நாள் கிழமை வந்தால் புளியும் திருநீறும் போட்டு அழுத்தித் தேய்ப்பார்கள். அன்போடு செய்ததுதான், குறை சொல்லவில்லை. ஆனால் அந்தத் தேய்ப்பு முடி முடியாகக் கீறலை விட்டுப்போகும். பாலிஷ் போட்ட காசுக்கு விலை இல்லை என்பதால், அதை மறைக்கத்தான் பலர் நிறம் ஏற்றுகிறார்கள். பத்து மடங்கு லென்ஸில் விளக்கடியில் சாய்த்துப் பாருங்கள். கீறலுக்குள்ளும் அதே நிறம் படிந்திருந்தால், கீறல் முந்தியது, நிறம் பிந்தியது.

இப்படி நிறம் ஏற்றுவது அவ்வளவு எளிது. வீணாகிப்போன ஒரு ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயை அவித்த முட்டைத் துண்டோடு டப்பாவில் மூடி வைத்துப் பார்த்தேன். சில மணி நேரத்தில் மஞ்சள், சிவப்பு, நீலம் எல்லாம் வந்துவிட்டது. நூறு வருஷம் பெட்டிக்குள் இருந்து வாங்கிய நிறமும் இதுவும் ஒன்று என்று யாராவது சொன்னால் என்னால் ஏற்க முடியாது. நாணயங்களைச் சோதித்து எண்ணில் தரம் போடும் பிசிஜிஎஸ் போன்ற நிறுவனங்களும் ‘சந்தேகத்துக்குரிய நிறம்’ என்று கண்டால் எண் தரம் கொடுப்பதில்லை. அனுபவசாலிகளே கருத்து வேறுபடும் காசுகள் இருக்கின்றன, அதையும் ஒப்புக்கொள்கிறேன். அந்த மாதிரிக் காசுக்கு நிறத்துக்கென்று தனி விலை கொடுக்காதீர்கள், அவ்வளவுதான்.

ஒரே ஒரு போட்டோவை நம்பிப் பணம் அனுப்பாதீர்கள். ஜன்னல் வெளிச்சத்தில் காசை மெதுவாகச் சாய்த்து எடுத்த வீடியோ கேளுங்கள். நேற்று நானும் கேட்டேன். இதுவரை வரவில்லை.